படம் போடத் தெரிகிறது, முன்கூட்டிச் சொல்லத் தெரியாதா?

வார்டு வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள் என்று ஸ்கிரீன்ஷாட்டோடு விசாரித்த எல்லோருக்கும் நன்றி. நலமாகத்தான் இருக்கிறேன். தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுமை இல்லாதவர்கள் இப்போதே கடந்து போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் கேட்டது இவ்வளவுதான். "செப்டம்பர் 15 ஏரியா சபா கூட்டம் இருக்கிறது என்று முன்னாடியே குழுவில் ஒரு வரி போட்டிருக்கலாமே?" ஏரியா சபா என்றால் வார்டின் ஒரு பகுதியில் இருக்கிற வாக்காளர்கள் கூடி அந்தப் பகுதிப் பிரச்சினைகளைப் பேசுகிற கூட்டம். நான் போட்டதில் கெட்ட வார்த்தை இல்லை, கட்சிப் பெயர் இல்லை, கவுன்சிலர் பெயர்கூட இல்லை. வணக்கம் சொல்லித்தான் ஆரம்பித்தேன். அதற்கு வந்த பதிலை நீங்களே பார்த்தீர்கள்: "வேலை செய்யறவங்களை நோண்டறதே சில பேருக்குப் பொழப்பு." நான் அதற்குப் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போதே குழுவில் இல்லாமல் போய்விட்டேன்.

சரி, குழு அவர்களுடையது, வைத்துக்கொள்ளட்டும். கேள்வி அங்கேயேதானே நிற்கிறது? கூட்டம் முடிந்த அன்று சாயங்காலமே படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. வீடியோ வேறு, அதற்குப் பின்னணி இசை வேறு. இதற்கெல்லாம் ஆள் இருக்கிறது, போன் இருக்கிறது, டேட்டா இருக்கிறது, எடிட் பண்ண ஒரு தம்பியும் இருக்கிறார். அதே போனில் முந்தின வாரம் "திங்கட்கிழமை காலை 11 மணிக்குக் கூட்டம், எல்லாரும் வாங்க" என்று தட்ட மட்டும் யாருக்கும் விரல் வரவில்லை. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு கல்யாணப் பத்திரிகை வைக்கிறார்கள், அதையும் வாங்கிக்கொண்டு நாம் கைதட்ட வேண்டுமாம்.

அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன். ஷாமியானா, நீல பிளாஸ்டிக் நாற்காலி, முக்கால்வாசி தலைவர்கள் முகமும் ஓரத்தில் பொடி எழுத்தில் தேதியும் போட்ட பேனர். முன் வரிசையில் வட்டச் செயலாளரும் அவருடன் எப்போதும் வருகிறவர்களும். அதற்குப் பின்னால் இரண்டு வரிசைக்குத் தூய்மைப் பணியாளர்கள். பச்சைச் சீருடையோடு அப்படியே உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு அக்கா கழற்றிய ரப்பர் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது விடுவார்கள் என்கிற முகத்தோடு கேமராவைப் பார்க்கிறார். விடிகாலையிலிருந்து தெரு பெருக்கியவர்களைக் கூட்டி வந்து நாற்காலியை நிரப்பிவிட்டு, கீழே "பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டனர்" என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களும் பொதுமக்கள்தான், நான் மறுக்கவில்லை. அப்படியானால் மைக்கை அந்த அக்காவிடம் கொடுத்திருக்கலாமே, கையுறை கிழிந்தால் புதுசு எப்போது வரும் என்று அவரே கேட்டிருப்பாரே.

இந்தக் கூட்டம் கவுன்சிலர் மனசு வைத்து நடத்துகிற பிறந்தநாள் விழா இல்லை. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டில் அதற்கும் ஏரியா சபாவுக்கும் விதிகள் வரவே 2022 ஆகிவிட்டது. நடுவில் 2016 அக்டோபரிலிருந்து 2022 தேர்தல் வரைக்கும் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்தான் எல்லாம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்றே தெரியாமல் ஐந்து வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறோம். அதற்கப்புறம்தான் 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில், ஏரியா சபாவின் முதல் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்து மக்கள் பேசியதைக் கேட்டார். வருஷத்துக்கு நான்கு தேதி: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் அந்தச் சபாவின் உறுப்பினர். அழைப்பிதழ் கொடுத்துக் கூப்பிட வேண்டிய விருந்தாளி இல்லை, உறுப்பினர். உறுப்பினருக்குத் தெரியாமல் ஒரு கூட்டம் நடத்தி, "தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதுகிறார்கள். ஏகமனது எப்படி வராமல் போகும்? வேறு மனது உள்ள ஆட்களுக்குத்தான் சொல்லவே இல்லையே.

அந்தத் தீர்மானத்தில் ஒன்று எங்கள் தெரு மழைநீர் வடிகாலை அடுத்த கட்டத்துக்குத் தள்ளுவதாம். குழுவில் இருக்கிற நண்பர் சொல்லித்தான் தெரியும். மழைக்காலம் தொடங்கப்போகிறது. போன மழையில் எங்கள் தெருமுனையில் நின்ற தண்ணீரில் பால்காரர் வண்டியோடு சாய்ந்ததை இதே முகநூலில் போட்டிருந்தேன், நிறைய பேர் சிரிப்பு எமோஜி போட்டீர்கள். காரணம் இருந்து தள்ளியிருந்தால் தப்பில்லை. நிதி இல்லை, வேறு தெருவில் இதைவிட மோசம் என்று கூட்டத்தில் சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டு வந்திருப்போம். முன்கூட்டிச் சொல்லியிருந்தால். திரும்பத் திரும்ப அதையேதான் சொல்கிறேன்.

இப்போது வருவார்கள். "நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததே, நீங்கள் பார்க்கவில்லை என்றால் நாங்கள் என்ன செய்ய?" போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வார்டு அலுவலக வாசலில் கண்ணாடி உடைந்த போர்டு ஒன்று இருக்கிறது. அதில் டெங்கு கொசு படம், எப்போதோ ஒட்டிய நாய்க்கருத்தடை அறிவிப்பு, அதற்கு மேல் பாதி கிழிந்த ஒரு டெண்டர் தாள். கூட்ட அறிவிப்பும் இருந்தது, மறுக்கவில்லை, ஏ4 தாளில், கீழ் மூலையில். போர்டுக்கு முன்னால் குப்பை அள்ளும் பேட்டரி வண்டி நிற்கிறது. அதன் பக்கவாட்டில் நுழைந்து குனிந்தால்தான் படிக்க முடியும். சொன்னேன் என்று கணக்குக் காட்ட வேண்டும், ஆனால் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்றால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஐ எல்லோரும் மனு போடுகிற சட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் 4ஆவது பிரிவைக் கொஞ்சம் படியுங்கள். யாரும் கேட்காமலேயே அரசு அலுவலகங்கள் தகவலை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்கிறது. அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, இணையம் என்று வழியும் சொல்கிறது. உள்ளூர் மொழியையும் அந்தப் பகுதியில் எது நன்றாக எடுபடும் என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. பேட்டரி வண்டிக்குப் பின்னால் ஒட்டுவது எங்கள் பகுதியில் எடுபடுவதில்லை ஐயா.

"எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது, ஆப் இருக்கிறது." இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் இருக்கிறது.

அப்பா தவறிப்போன பதினாறாம் நாள் காரியம். வீடு நிறைய உறவுக்காரர்கள், ஊரிலிருந்து வண்டி வைத்து வந்திருக்கிறார்கள். காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. மொட்டைமாடித் தொட்டி முந்தின ராத்திரியே காலி. சமையல்காரர் அண்டாவைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா தெருத்தெருவாகத் தண்ணீர் லாரிக்கு அலைகிறார், ஐயர் நேரம் போகிறது என்கிறார், அம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் அப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அலுவலகத்துக்குப் போன் செய்தால், "குழாய் இணைப்பு வேலை சார், ட்விட்டர்ல போட்டிருக்கோமே, பார்க்கலையா?" என்கிறார் அந்தப் பக்கம் இருந்தவர். மரியாதையாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் எரிந்தது. அப்பா செத்த வீட்டில் உட்கார்ந்து நான் ட்விட்டர் பார்த்திருக்க வேண்டும்.

இதே தெருவில் நான் சின்னப் பையனாக இருந்தபோது தண்ணீர் திறந்துவிட ஒரு அண்ணன் வருவார். தோளில் நீளமான இரும்புச் சாவி, சைக்கிள் கேரியரில் பழைய சாக்கு. வால்வு மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டு, காலை அகட்டி வைத்துத் திருகுவார். மறுநாள் தண்ணீர் வராது என்றால் சைக்கிளை மெதுவாக மிதித்துக்கொண்டே, "அக்கா, நாளைக்கு வராது, பிடிச்சு வச்சுக்கோங்க" என்று வீட்டுக்கு வீடு குரல் கொடுத்துவிட்டுப் போவார். அவருக்கு அதற்கென்று யாரும் தனியாகச் சம்பளம் கொடுக்கவில்லை. அம்மா அன்றைக்கு ராத்திரி இருக்கிற குடம், தவலை எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிடுவாள். முடிந்தது கதை.

பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, அந்தப் பஞ்சாயத்துக்கு யாரும் வராதீர்கள். தமுக்கு அடிப்பவரை வெயிலில் நடக்கவிட்ட காலமும் அதுதான். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இனி தண்டோரா போடக் கூடாது என்று கலெக்டர்களுக்கு எழுதினாரே, சரியான காரியம். ஆனால் அதே கடிதத்தில் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்றும் இருந்தது. தமுக்கை நிறுத்தியாயிற்று. எங்கள் வார்டில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவைக் காணோம். கட்சிப் பொதுக்கூட்டத்துக்கு மட்டும் அந்த ஆட்டோ எங்கிருந்தோ வந்துவிடுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்று எண்ண முடியாது.

"கவுன்சிலர் பாவம், அவருக்கு என்ன பெரிய சம்பளம்?" பாவம்தான். 2023 ஜூலை முதல் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் கொடுக்கிறார்கள், அலைகிற அலைச்சலுக்கு அது காணாது, ஒப்புக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட எவ்வளவு ஆகும்?

"நீ எந்தக் கட்சி?" எந்தக் கட்சியும் இல்லை. அடுத்து.

"சொன்னால் மட்டும் வந்துவிடுவீர்களா?" இதுதான் குழுவில் ஒருவர் கேட்டது, இதுதான் நிஜமாகவே குத்தியது. வருவோமா மாட்டோமா என்பது அப்புறம். வரவே மாட்டார்கள் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு சொல்லாமல் விடுவீர்கள், பிறகு யாரும் வரவில்லை பாருங்கள் என்று எங்களையே காட்டுவீர்கள். எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் முழங்கால் வலியோடு வந்திருப்பார். வடிகால் எந்தப் பக்கம் சரிவாக இருக்க வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் படம் போட்டுக் காட்டியிருப்பார், அவரை அடக்க ஆள் போட வேண்டியிருந்திருக்கும். வேலைக்குப் போகிறவர்களால் திங்கட்கிழமை காலை 11 மணிக்கு வர முடியாதுதான். முந்தின வாரமே தெரிந்தால் பாதிப் பேர் அரைநாள் பர்மிஷன் போடுவோம், இல்லை நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்போம். அதற்கும் முதலில் தெரிய வேண்டும்.

ஆளில்லை, வசதியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2025 ஜூலையில் அரசின் "உங்களுடன் ஸ்டாலின்" முகாமுக்குத் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து கையேடும் விண்ணப்பமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். நகர்ப்புறத்தில் 13 துறை, 43 சேவை என்று அதில் அச்சடித்திருந்தது. நல்ல வேலை, பாராட்டுகிறேன், மேல்வீட்டுப் பாட்டிக்கு நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். தேர்தல் வந்தால் பூத் சிலிப் கதவுக்கே வருகிறது. அக்டோபர் பிறந்தால் சொத்துவரி எஸ்எம்எஸ் வந்துவிடும் பாருங்கள், மாசக் கடைசிக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி, எல்லாம் விவரமாக வரும். நம்பர் தெரியும், வீடு தெரியும், கதவு எண் தெரியும். பணம் வேண்டும்போது தெரிகிற வீடு, ஓட்டு வேண்டும்போது தெரிகிற வீடு, கூட்டம் என்றால் மட்டும் எங்கே இருக்கிறது என்று மறந்துவிடுகிறது.

இதை எழுதும்போது கோபம் வருகிறது என்று எனக்கே தெரிகிறது. அந்தக் குழுவில் குப்பை வண்டி வராத நாளெல்லாம் படம் எடுத்துப் போட்டவன் நான். கொரோனா சமயத்தில் மருந்துக்கடை எது திறந்திருக்கிறது என்று விசாரித்துப் பட்டியல் போட்டவனும் நான்தான், அப்போதெல்லாம் "சூப்பர் ப்ரோ" என்றார்கள். ஒரு கேள்வி கேட்டதும் நோண்டுகிறவன் ஆகிவிட்டேன். அந்தப் பதிலுக்குக் கட்டைவிரல் தூக்கிக் காட்டியவர்களில் இரண்டு பேர் அப்பா காரியத்தன்று எங்கள் வீட்டில் வரிசையில் நின்று குடம் தூக்கியவர்கள். சரி, விடுங்கள்.

அடுத்த கூட்டம் டிசம்பர் 10, புதன்கிழமை. ஒரு வாரம் முன்னால் தேதியும் நேரமும் குழுவில் வர வேண்டும், இரண்டு நாள் முன்னால் ஒலிபெருக்கி ஆட்டோ தெருவுக்குள் வர வேண்டும், தீர்மானங்களை மறுநாளே எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும், அந்தப் பேட்டரி வண்டியை வேறெங்காவது நிறுத்த வேண்டும். மனு எழுதி வைத்திருக்கிறேன், நம் வார்டுக்காரர்கள் கையெழுத்துப் போட இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வீட்டுக்கு வருகிறேன். செப்டம்பர் 15 தீர்மான நகலும் வருகைப் பதிவேட்டின் நகலும் கேட்டு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி இன்று பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். பதில் தர அவர்களுக்கு 30 நாள் இருக்கிறது. குழு அட்மின் அண்ணன் இதைப் படித்துக்கொண்டுதான் இருப்பார், தேதியைக் குறித்துக்கொள்ளட்டும்.