வேலிக்கு ஓணான் மட்டுமே சாட்சியா?

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் சனிக்கிழமை பாட்லக் விருந்தில் நடந்தது இந்நேரம் பாதிப் பேருக்கு வாட்ஸப்பில் வந்து சேர்ந்திருக்கும், அதனால் யார் என்று சொல்லப்போவதில்லை. "வீடு விக்கிறவங்களும் கணக்கு எழுதுறவங்களும் உக்காந்து என் லைசென்ஸைப் பத்தி முடிவு பண்றாங்கம்மா" என்று உளவியலாளரான அந்த அண்ணா சொன்னதும் மேஜையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அவர் சொன்னது, உளவியலாளர்களுக்கு லைசென்ஸ் கொடுத்து, அவர்கள் மேல் வரும் புகார்களையும் பார்க்கும் கலிஃபோர்னியா உளவியல் வாரியத்தை. அதில் 9 இடங்கள். 5 பேர் லைசென்ஸ் வைத்திருக்கும் உளவியலாளர்கள், 4 பேர் உளவியலாளர் அல்லாத பொதுமக்கள். அந்த ஐந்து பேரையும் பொதுமக்களில் இருவரையும் ஆளுநர் நியமிக்கிறார், மற்ற இருவரில் ஒருவரை மாநில செனட்டின் விதிக்குழு, இன்னொருவரை மாநிலச் சட்டமன்ற சபாநாயகர். ஓட்டுக்கு விட்டால் இப்போதும் உளவியலாளர்கள் கைதான் ஓங்கும். அப்படியிருந்தும் அந்த நாலு நாற்காலி கண்ணைக் குத்துகிறதாம்!

"அவங்களுக்கு என்ன தெரியும்?" என்கிறீர்கள். ஐயா, குழம்பில் உப்பு இல்லை என்று சொல்ல சமையல் படித்திருக்க வேண்டுமா? துறை தெரிந்தவர்கள்தான் ஐந்து பேர் இருக்கிறார்களே. ஒழுங்கு நடவடிக்கை என்று வந்தால் நிபுணர் கருத்து வாங்குகிறார்கள், விசாரணை வரை போனால் நிர்வாக நீதிபதி கேட்டு எழுதிய தீர்ப்பு வாரியத்தின் முன் வருகிறது. யாரும் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்குவதில்லை. பொதுமக்களைப் பாதுகாப்பதே இந்த வாரியத்தின் முதல் வேலை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பொதுமக்களைக் காக்கும் இடத்தில் பொதுமக்கள் உட்காரக் கூடாதா?

"தொழில்காரர்களே நியாயமாகப் பார்த்துக்கொள்வார்கள்" என்பவர்கள் வட கரோலினா பல் மருத்துவ வாரியத்தைப் பாருங்கள். எட்டு பேரில் ஆறு பேர் பல் மருத்துவர்கள். பல் மருத்துவர் அல்லாதவர்கள் கடைகளில் மலிவாகப் பல் வெளுப்பாக்கித் தருகிறார்கள் என்று, நிறுத்தச் சொல்லி ஓலை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்று அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தொழிலில் இருப்பவர்களே பெரும்பான்மையாக இருந்துகொண்டு, அரசின் மேற்பார்வையும் இல்லாமல் போட்டியாளர்களை முடக்கினால், அரசு வாரியம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இதை நான் சொல்லவில்லை, கோர்ட் சொன்னது.

பொது உறுப்பினர்கள் அரசியல் நியமனம் என்று ஒரு தம்பி கேட்டான். இருக்கலாம். அந்த ஐந்து உளவியலாளர்களும் மட்டும் என்ன, குலுக்கல் சீட்டிலா வந்தார்கள்?

எனக்கு உளவியலாளர்கள் மேல் கோபம் என்று நினைக்காதீர்கள். அம்மா போன பிறகு என்னை எழுந்து நடக்க வைத்ததே ஒரு உளவியலாளர்தான். ஆனால் நாலு வருடம் முன்பு பையனை வேறொருவரிடம் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். கட்டியது 3,000 டாலர். ஆறு வாரத்தில் தருவதாகச் சொன்ன ரிப்போர்ட் ஏழாவது மாதம் வந்தது. பதினோராம் பக்கத்தில் என் பையன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஒரு குழந்தையின் பெயர். கேட்டதற்கு "டெம்ப்ளேட் மிஸ்டேக்" என்று சிரித்தார். சனிக்கிழமை சிரித்த மாதிரியே.

அன்று ராத்திரி வாரியத்தின் புகார்ப் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் வந்து "எல்லாம் ஒரே தொழில்காரங்க, ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுப்பாங்களா, பேசாம படு" என்றார். மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். என்னைப் போல ஒரு ஆள், ஒருவர் இல்லை நாலு பேர், அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. நம் ஊர் வழக்கம்தான், படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். டாக்டர் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற ஜனம் நாம்.

இப்போது தெரிந்த பிறகு, அந்த நாலு பேரைத்தான் எல்லாரும் கேலி செய்கிறீர்கள்.

அந்த ரிப்போர்ட் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு இது தெரியுமா, என் பையன் பெயர் யார் வீட்டு அலமாரியில் கிடக்கிறது, இதைக் கேட்டால் சிரிப்பீர்களா அண்ணா?