முந்திரி மரமும் முவாலிமுவும்

அக்டோபர் 14 தான்சானியாவில் அரசு விடுமுறை. முந்திரி ஏலம் சூடு பிடிக்கிற மாதம் அது. ஒரு நாள் கிடங்கு பூட்டியிருந்தாலும் லாரி வாடகை நம் தலையில்தான் விழும். 2013இல் முதன்முறையாகக் கொட்டை வாங்க, அந்த நாட்டின் தென்கோடித் துறைமுக நகரான முட்வாராவுக்குப் போன நான், இது தெரியாமல் சரியாக அந்த நாளில் போய் நின்றேன். கிடங்குக் காவலர் பூட்டைக் காட்டி ஒரே ஒரு சொல் சொன்னார்: "முவாலிமு."

முவாலிமு என்றால் ஸ்வாஹிலியில் ஆசிரியர். நம் ஊர் மதரசாக்களில் முஅல்லிம் என்கிறார்களே, அதே அரபுச் சொல்தான். தங்கள் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரேயை அந்த நாட்டு மக்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். தேசத் தந்தை என்ற பட்டமும் அவருக்கு உண்டு. ஆனால் பேச்சில் வருவது வாத்தியார்தான். அவர் இறந்த நாள் அந்த அக்டோபர் 14. ஆண்டு 1999.

வேலை இல்லாத அந்த நாளில் எங்கள் ஏஜென்ட்டின் தம்பி என்னை நெவாலா பக்கம் ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போனான். மக்கோண்டே மேட்டு நிலம், சிவந்த மணல், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை முந்திரி. பண்ருட்டிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து நம் கரையிலும் அவர்கள் கரையிலும் ஊன்றிய மரம் இது. நமக்கு முந்திரி, அவர்களுக்குக் கொரோஷோ. கீழே உதிர்ந்து கிடந்த பழத்தின் வாசனைகூட எங்கள் கொல்லையில் அடிக்கிற அதே வாசனை.

ஒரு பெரியவர் வீட்டு வாசலில் பாய் விரித்து உட்கார வைத்தார். என் ஊரில் முந்திரி எப்படி என்று கேட்டார். கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் கொல்லையைப் புரட்டிப்போட்ட மறுநாள் காலையில் எடுத்த படம். என் தாத்தா நட்ட மரங்கள் வேர் மேலே தெரியப் படுத்துக் கிடக்கும். பெரியவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்கள் மரங்களைக் காற்று சாய்த்தது. எங்கள் மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. எங்களைத்தான் அரசாங்கம் தூக்கிக்கொண்டு வந்து இங்கே போட்டது. அது முவாலிமு போட்ட உத்தரவு."

அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் முவாலிமுவின் படம் மாட்டியிருந்தது. கண்ணாடி துடைத்துச் சுத்தமாக இருந்தது.

இந்தப் பதிவு அந்தச் சுவரைப் பற்றியதுதான். தன்னைத் தன் மரங்களிலிருந்து பிரித்த மனிதரின் படத்தை ஒருவர் ஏன் துடைத்து வைக்கிறார்? பத்து ஆண்டுகளுக்கு மேலாக இதே கேள்வியோடு நைரேரேயைப் படித்து வருகிறேன். இணையத்தில் அவரைப் பற்றி இரண்டே வகைப் பேச்சுதான் காணக் கிடைக்கிறது. ஒன்று, மகான். மற்றொன்று, நல்ல நாட்டைச் சோஷலிசம் பேசிக் கெடுத்தவர். இரண்டுமே அந்தப் பெரியவருக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் எண்ணம்.

நைரேரே பிறந்தது 1922இல், விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே புட்டியாமா என்ற சிற்றூரில். ஸனாக்கி என்ற சிறிய இனக்குழுவின் தலைவர் ஒருவருக்குப் பல மனைவியர். அவர்களில் ஒருவரின் மகன். ஆடு மேய்த்துத் திரிந்துவிட்டுப் பன்னிரண்டு வயதில்தான் பள்ளிக்கூடம் போனார். அங்கிருந்து தபோரா நகரின் பள்ளி, உகாண்டாவின் மக்கெரெரே கல்லூரி, பிறகு 1949இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம். திரும்பி வந்து தார் எஸ் சலாம் அருகே புகு என்ற ஊரின் கத்தோலிக்கப் பள்ளியில் ஆசிரியரானார். 1954 ஜூலை 7 அன்று தங்கனீக்கா ஆப்பிரிக்க தேசிய ஒன்றியம் என்ற கட்சியைத் தொடங்கினார். (தங்கனீக்கா என்பது இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதிக்கு அன்றிருந்த பெயர்.) அரசியலா, ஆசிரியர் வேலையா என்ற நெருக்கடி வந்தபோது வேலையை விட்டார். பட்டப்பெயர் மட்டும் விடாமல் கூடவே வந்துவிட்டது. 1961 டிசம்பர் 9 அன்று பெரிய இரத்தக்களரி எதுவுமின்றி விடுதலை கிடைத்தது.

விடுதலைக்குச் சற்று முன் சட்டமன்றத்தில் குடியுரிமை மசோதா வந்தது. ஆப்பிரிக்கர்களுக்கு மட்டுமே குடியுரிமை என்று அவருடைய கட்சிக்காரர்களே கொதித்தார்கள். தோலின் நிறத்தைப் பார்த்துக் குடியுரிமை கொடுக்க முடியாது என்று நைரேரே எழுந்து நின்று சீறினார். இதில் தோற்றால் அரசு பதவி விலகும் என்றார். வெள்ளையரின் ஆட்சியில் அவமானப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தின் முன்னால், கைதட்டல் எந்தப் பக்கம் கிடைக்கும் என்று தெரிந்தும், எதிர்ப்பக்கம் நின்று பேசுவது எளிதா? பின்னாளில் பக்கத்து நாட்டில் இடி அமீன் ஆசியர்களைத் துரத்தியபோதும் அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். அவருடைய அமைச்சரவையில் நெடுங்காலம் நிதித்துறையைக் கவனித்தவர் இந்திய வம்சாவளியினரான அமீர் ஜமால். (1971இல் வாடகைக் கட்டடங்களை அரசுடைமை ஆக்கியபோது அடிபட்டவர்களில் மிகப் பலர் ஆசிய வணிகர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காயத்தை தார் எஸ் சலாமின் குஜராத்திக் குடும்பங்களிடம் இன்றும் கேட்கலாம்.)

அடுத்தது மொழி. 120க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் உள்ள நாடு அது. ஆளுக்கு ஒரு மொழி. எண்ணிக்கையில் பெரிய இனமான சுக்குமாக்களின் மொழியை அவர் எடுக்கவில்லை. தம் ஸனாக்கி மொழியையும் எடுக்கவில்லை. கடற்கரையில் பிறந்து வணிகர்களோடு உள்நாட்டுக்குள் நடந்து போன ஸ்வாஹிலியை நாட்டின் மொழியாக்கினார். தொடக்கப் பள்ளி, கட்சிக் கூட்டம், வானொலி எல்லாம் அதிலே. ஆட்சியில் இருந்துகொண்டே ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை ஸ்வாஹிலியில் மொழிபெயர்த்தார், 'இந்த மொழிக்கு அந்த வலு உண்டா' என்று கேட்டவர்களுக்குக் காட்ட. மொழிக்காகப் போராடிய மண்ணிலிருந்து போன எனக்கு இது சாதாரணமாகப் படவில்லை. ருவாண்டா, புருண்டி, காங்கோ என்று சுற்றிலும் இனத்தின் பெயரால் இரத்தம் ஓடியபோது தான்சானியா அந்தப் பள்ளத்தில் விழவில்லை. அவர் செய்தவற்றிலேயே பெரியது இதுதான் என்பேன். முட்வாராக் கிடங்கில் சாக்கு தூக்கும் பத்துப் பேரும் பத்து இனம். கணக்குத் தகராறு வந்தாலும் அதே ஸ்வாஹிலி, சிரித்தாலும் அதே ஸ்வாஹிலி.

இனி மரங்களுக்கு வருகிறேன்.

1967 பிப்ரவரி 5 அன்று அவருடைய கட்சியின் சோஷலிசக் கொள்கை அறிக்கையான அருஷா பிரகடனம் வந்தது. வங்கிகளும் பெரிய தொழில்களும் அரசின் கைக்குப் போயின. கட்சித் தலைவர்கள் பங்குகள் வைத்திருக்கக் கூடாது, இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது, வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. இதை அவர் ஊருக்கு மட்டும் உபதேசிக்கவில்லை. முந்தைய ஆண்டே, கட்டாயத் தேசிய சேவையை எதிர்த்து ஊர்வலம் வந்த பல்கலைக்கழக மாணவர்கள் தலைவர்களின் சம்பளத்தைச் சுட்டிக்காட்டியபோது, தம் சம்பளத்தில் 20 சதவீதத்தைக் குறைத்துக்கொண்டார். அதே மூச்சில் அந்த மாணவர்கள் சுமார் 400 பேரைப் படிப்பிலிருந்து விலக்கி வீட்டுக்கு அனுப்பினார். சம்பளத்தைக் குறைத்தவரும் மாணவர்களைத் துரத்தியவரும் ஒரே ஆள்தான். அவரைப் போற்றுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், தூற்றுகிறவர்கள் இரண்டாம் பாதியில் தொடங்குகிறார்கள்.

அவருடைய கொள்கைக்குப் பெயர் உஜமா. ஜமாத் என்கிறோமே, அந்த வேரிலிருந்து வந்த சொல். குடும்பமாக வாழ்தல் என்று பொருள் கொள்ளலாம். சிதறிக் கிடக்கும் குடிகள் ஒரே கிராமமாகக் கூடி வாழ்ந்தால் பள்ளி, மருத்துவமனை, குழாய்த் தண்ணீர் கொடுப்பது எளிது, சேர்ந்து உழலாம் என்பது கனவு. முதலில் விருப்பம் உள்ளவர்கள் வரட்டும் என்றார். மக்கள் வந்தது போதவில்லை. 1973இல் கிராமத்தில் குடியேறுவது கட்டளையாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம் மாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். போகாதவர்களின் குடிசைகளை அதிகாரிகள் இடித்ததும் எரித்ததும் பல இடங்களில் நடந்தது. முட்வாராப் பக்கம் இன்னும் முன்னதாகவே தொடங்கிவிட்டது. ருவூமா ஆற்றுக்கு அந்தப் பக்கம் மொசாம்பிக்கில் போர்த்துக்கீசியருக்கு எதிரான போர். எல்லையோர மக்களைக் கூட்டி வைப்பது பாதுகாப்பு என்ற காரணமும் சேர்ந்துகொண்டது.

நெல்லோ சோளமோ என்றால் போன இடத்தில் மறுபடி விதைக்கலாம். முந்திரி அப்படியா? மரம் அங்கேயே நிற்கும். பெரியவருக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது. புதிய கிராமத்திலிருந்து குடும்பத்து மரங்களுக்கு நடந்து போக ஒன்றரை மணி நேரம். முதல் ஆண்டு போனார்கள். இரண்டாம் ஆண்டு பாதி நாள்தான் போக முடிந்தது. மரத்தடியில் புல் ஆள் உயரம் ஏறிவிட்டது. முந்திரி வளர்ப்பவர்களுக்கு இதன் பொருள் தெரியும். அடி சுத்தமாக இல்லாவிட்டால் உதிர்ந்த கொட்டை கண்ணுக்குத் தெரியாது. கோடையில் எங்கிருந்தோ ஒரு தீப்பொறி பறந்து வந்தால் முழுத் தோப்பும் போகும். அவர்களுடையது அப்படித்தான் போனது.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் அல்ல. 1973-74இல் தான்சானியாவின் முந்திரி விளைச்சல் சுமார் 1,45,000 டன். 1986-87இல் அது 20,000 டன்னுக்கும் கீழே இறங்கியது. சாம்பல் நோய் தாக்கியது ஒரு காரணம். அரசு கொடுத்த விலை அற்பமாக இருந்தது இன்னொன்று. கூட்டுறவுச் சங்கங்களை 1976இல் கலைத்துவிட்டு அரசு அமைப்புகளிடம் கொள்முதலை ஒப்படைத்தது வேறு. ஆனால் மரத்தையும் மனிதனையும் பிரித்ததில்தான் இது தொடங்கியது என்று அந்த மேட்டு நிலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உலக வங்கிக் கடனில் உடைப்பு ஆலைகளை வேறு வரிசையாகக் கட்டினார்கள். கொட்டை இல்லாமல் பல ஆலைகள் பூட்டிக் கிடந்தன.

ஏன் யாரும் தடுக்கவில்லை? இங்கேதான் எனக்கு நைரேரேமேல் உண்மையான வருத்தம். 1962இலேயே விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் சட்டம் வந்துவிட்டது. 1965இல் ஒரே கட்சி என்றாயிற்று. அவருடைய அமைச்சராக இருந்த அப்துல்ரஹ்மான் பாபு 1972இலிருந்து ஆறு ஆண்டுகள் சிறையில் கிடந்தார். எதிர்த்துப் பேசும் வாய்களை அடைத்த பிறகு மிஞ்சியது அதிகாரிகளின் அறிக்கைகள்தான். அவர்கள் எத்தனை குடும்பம் இடம் மாறியது என்று எழுதினார்கள். எத்தனை மரம் தனியாக நின்றது என்று எழுதவில்லை. அவர் திருடராக இருந்திருந்தால் மக்கள் சந்தேகப்பட்டிருப்பார்கள். முவாலிமு தனக்காக எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார் என்று ஊருக்கே தெரியும். அதனால் அவர் சொன்னது நம் நன்மைக்குத்தான் இருக்கும் என்று நம்பி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவருடைய நேர்மையை நான் மனதார மதிக்கிறேன். அந்த நேர்மையே அவருடைய தவற்றுக்குக் காவலாகவும் நின்றது என்பதையும் மறுக்க முடியவில்லை.

ஆனால் தவற்றை அவர் பேசினார். அருஷா பிரகடனத்துக்குப் பத்தாண்டு நிறைந்தபோது, 1977இல், சாதித்தது என்ன, தவறியது என்ன என்று அவரே எழுதி வெளியிட்டார். மீண்டும் தொடங்கினால் உள்ளாட்சி அமைப்புகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் கலைக்க மாட்டேன் என்று பிற்பாடு பேட்டியில் ஒப்புக்கொண்டார். 1985இல் தாமாகப் பதவியிலிருந்து விலகி அலி ஹசன் முவின்யியிடம் நாட்டை ஒப்படைத்தார். அந்தத் தலைமுறை ஆப்பிரிக்கத் தலைவர்களில் எத்தனை பேர் உயிரோடும் மரியாதையோடும் மாளிகையை விட்டு நடந்து போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு வளரும் நாடுகளுக்கான தென்னுலக ஆணையத்துக்குத் தலைவரானார். அதன் பொதுச் செயலாளராக அவரோடு பணியாற்றியவர் நம் மன்மோகன் சிங். கடைசி ஆண்டுகளில் புருண்டியின் உள்நாட்டுப் போரை நிறுத்தப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். இரத்தப் புற்றுநோயால் லண்டனில் இறந்தார். புட்டியாமாவில் புதைத்தார்கள்.

அன்று மாலை பெரியவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன்: "ம்ஸே (பெரியவரே), மரங்களைப் பறித்தவர் படம் ஏன் சுவரில்?" ஏஜென்ட்டின் தம்பி மொழிபெயர்க்கத் தயங்கினான். சொல் என்றேன். பெரியவர் உள்ளே போய் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கொண்டு வந்தார். இதே கிராமத்தில், மாமரத்தடியில் நடந்த முதியோர் வகுப்பில் அவருடைய அம்மா எழுதிப் பழகிய நோட்டு. பெரிய பெரிய எழுத்தில், கோடு தாண்டி, தன் பெயரையே பக்கம் பக்கமாக எழுதியிருந்தார் அந்த அம்மா. "பழைய இடத்தில் மரம் இருந்தது, பள்ளி இல்லை. இங்கே பள்ளி வந்தது, மரம் போயிற்று. என் அம்மா கடைசிவரை இரண்டையும் பற்றிப் பேசினார்" என்றார்.

பிறகு என்னை அழைத்துப் போய் 1990களில் தாம் புதிதாக நட்ட மரங்களைக் காட்டினார். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இலையெல்லாம் சாம்பல் நோய்க்குத் தூவிய கந்தகத் தூள் படிந்து மஞ்சளாக இருந்தது. அடியில் ஒரு புல் இல்லை. குனிந்து ஒரு கொட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, பண்ருட்டியில் இப்போது என்ன விலை போகிறது என்று கேட்டார்.