கன்று நட்டது போதும், நிற்கிற மரத்தை எண்ணுங்கோ

கார்த்திகை பிறந்தால் முகநூல் முழுக்க மரக்கன்றுதான். பாடசாலை, வங்கி, சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம், எல்லோரும் நடுகிறார்கள். ஒரு சாண் கன்றை ஏழெட்டுப் பேர் சேர்ந்து பிடித்தபடி நிற்கிற படம். மாகாணசபை இருந்த காலத்தில் கார்த்திகையை வடமாகாண மரநடுகை மாதமாக்கினார்கள். நல்ல காரியம். இந்த மண்ணில் மாரி மழையோடு நட்டால்தான் வேர் பிடிக்கும், ஆகவே மாதமும் சரியான மாதம்தான். அதில் எனக்குக் குறை இல்லை.

என் கோபம் வேறு. அதே கார்த்திகையில், அதே ஒழுங்கையில், இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத வேம்பொன்று தறிபட்டு லொறியில் ஏறி மரக்காலைக்குப் போகிறது. அதை ஒருவரும் படம் எடுப்பதில்லை. நட்ட கன்றுக்கு அறிக்கையில் எண்ணிக்கை உண்டு. தறித்த வேம்பு நின்ற காலத்திலும் எந்தக் கணக்கிலும் இல்லை, போன பிறகும் இல்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். யாழ்ப்பாண மாநகரசபையும் சுற்றியுள்ள பிரதேச சபைகளும் தங்கள் எல்லைக்குள் நிற்கிற பெருமரங்களுக்கு ஒரு பதிவேடு திறக்க வேண்டும். இனம், இடம், சுற்றளவு, ஒரு படம், அந்த மரத்தைப் பற்றி ஊர் சொல்லும் கதை. இதற்கு வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்றும் வரத் தேவையில்லை. மாநகரசபையின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் கொஞ்சப் பேர் சைக்கிளில் சுற்றினாலே முதல் பட்டியல் தேறும்.

"ஆலடி, அரசடி, புளியடி, வேம்படி" என்று இடப்பெயர்களைச் சொல்லி உருகுகிற பதிவுகள் போதுமான அளவு வந்துவிட்டன. நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு நிற்கிற மரம்தான் முக்கியம்.

பட்டியலில் எவை வரலாம்? யாழ்ப்பாண நகரில் "பழைய பூங்கா" என்று பெயர் பெற்ற இடத்தை எடுங்கள். 1829இல் இங்கே வந்து, 1867இல் இறக்கும்வரை பெரும்பகுதியும் வடக்கை நிர்வகித்த அரச அதிபர் டைக் உருவாக்கிய தோப்பு அது. ஆள் எப்படிப்பட்ட ஆட்சிக்காரர் என்பது தனிக் கதை. மரம் வைத்தவர் என்பது உண்மை. போரில் சிதைந்த பழைய கச்சேரி, அதாவது அரச அதிபர் அலுவலகக் கட்டடத்தைச் சுற்றி அந்தப் பெருமரங்கள் நிற்கின்றன. அதற்குள் என்ன கட்டலாம், என்ன கட்டக்கூடாது என்று அடிக்கடி வாதம் எழுகிறது. அப்போதெல்லாம் ஒரு பக்கம் "சும்மா பற்றைக்காடுதானே" என்கிறது, மற்றப் பக்கம் "நூற்றாண்டு மரங்கள்" என்கிறது. எந்த இடத்தில் எந்த மரம், என்ன பருமன் என்று சபையின் கையில் ஒரு தாள் இருந்தால் அந்த வாதம் வேறு மாதிரி நடக்கும்.

கோயில் மரங்கள் தனி. மானிப்பாய் மருதடிப் பிள்ளையாரிடம் மருது, செல்வச்சந்நிதியில் பூவரசு. யோகர் சுவாமிகள் இருந்ததாலேயே கொழும்புத்துறை இலுப்பையடிக்கு வேறொரு மதிப்பு வந்தது. ஆனால் கோயிலும் சுவாமிகளும் இல்லாத மரங்களும் பட்டியலில் வர வேண்டும். பேருந்துத் தரிப்பிடத்தில் அரை ஊருக்கு நிழல் கொடுக்கிற வாகை, பள்ளிக்கூட மைதானத்து மூலையில் நிற்கிற நாவல், யாரோ ஒருவர் பின்வளவில் இன்னும் காய்க்கிற கிழட்டுக் கறுத்தக்கொழும்பான் மாமரம்.

வயதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்குப் பெரிய மரம் எதுவென்றாலும் ஐந்நூறு வருஷம்தான். குளிர் நாடுகளில் போல வருடத்துக்கு ஒரு வளையம் என்று எண்ணிப் பார்க்க இங்கே பெரும்பாலான மரங்களில் வழியில்லை. ஆகவே வயதைப் பதிவேட்டில் எழுதவே வேண்டாம். நாடாவைப் பிடித்தால் சுற்றளவு பொய் சொல்லாது. மன்னார் பள்ளிமுனைப் பெருக்குமரத்துக்கும் (பாவோபாப்) நெடுந்தீவுப் பெருக்குமரத்துக்கும் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், அதனால் அவற்றை எல்லோருக்கும் தெரியும். அவை தப்பிவிடும். என் கவலை நகரத்துக்குள் பெயரில்லாமல் நிற்பவற்றைப் பற்றியது.

"மரம் தறிக்கச் சட்டம் இருக்குத்தானே" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன்படி அனுமதி இல்லாமல் தறிக்கக்கூடாத மரங்கள் பலா, ஈரப்பலா, பெண் பனை. சாப்பாடு தருகிற மரங்களைக் காப்பாற்ற நினைத்த சட்டம் அது, அந்தக் காலத்துக்கு நியாயம். ஆனால் பாருங்கள், பெண் பனைக்கு அனுமதி எடுக்க வேண்டிய அதே வளவில் நிற்கிற ஆலுக்கோ இலுப்பைக்கோ மருதுக்கோ அந்தச் சட்டத்தில் இடமில்லை. இனத்தைப் பார்க்கிற சட்டத்துக்குத் தனி மரம் ஒன்று கண்ணில் படாது.

இன்னொரு வாசலும் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தில் மரத்தைக்கூடப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க இடமுண்டு. அந்த வாசலைத் தட்ட எனக்கு விருப்பமில்லை, காரணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் சனத்துக்கு ஒரு பயம் இருக்கிறது. இன்றைக்கு அரச மரத்துக்குப் பலகை, நாளைக்கு அதன் அடியில் புத்தர் சிலை, மறுநாள் காணி ஆருடையது என்ற வழக்கு. வடக்கிலும் கிழக்கிலும் தொல்பொருளின் பெயரால் எழுந்த காணிப் பிணக்குகளைப் பார்த்தவர்களிடம் "சும்மா பயப்பிடாதேங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்தப் பயத்தாலேயே முளைத்துவரும் அரசங்கன்றைப் பிடுங்கி எறிகிறவர்களை எனக்குத் தெரியும். பிள்ளையாருக்கு நிழல் கொடுத்த மரம் அது! அதனால்தான் சொல்கிறேன், பதிவேடு கொழும்பிலிருந்து வரக்கூடாது. நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய சபையில் இருக்க வேண்டும். மாநகரசபைக்கும் பிரதேச சபைகளுக்கும் உபவிதி ஆக்க அதிகாரம் உண்டு. 2023 மார்ச்சில் காலம் முடிந்த சபைகளுக்கு 2025 மே மாதத்தில்தான் மறுபடி உறுப்பினர்கள் வந்தார்கள். வந்தவர்கள் செய்யக்கூடிய செலவு குறைந்த வேலை இது.

இனி மாமா கதை. என் மாமா ஒருவர் கனடாவில், ரொறன்ரோ நகரத்தின் ஸ்காபரோவில் இருக்கிறார். ஊர் வளவில் ஒரு புளி. வைபரில் வந்தால் முதல் கதை அதுதான்.

"தம்பி, உந்தப் புளியைத் தறிச்சு விடு. மதிலை வெடிக்கப் பண்ணப்போகுது."

"மாமா, உங்கட பின்வளவில ஒரு மேப்பிள் நிக்குதெல்லோ, அதைத் தறிப்பீங்களோ?"

"அது ஏலாது தம்பி. சிற்றியிட்டப் பெர்மிற் எடுக்கோணும். லேசில தரமாட்டாங்கள்."

உண்மைதான். ரொறன்ரோவில் சொந்தக் காணியில் நின்றாலும், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தைத் தறிக்க நகரசபையின் அனுமதி வேண்டும். அதே நகரத்தின் நோர்த் யோர்க்கில் ஒரு வீட்டுப் பின்வளவில் மிகப் பழைய சிவப்பு ஓக் ஒன்று நின்றது. அதைக் காப்பாற்றச் சனம் காசு சேர்த்தது, கடைசியில் நகரசபை வீட்டோடு காணியையே வாங்கியது. அங்கே வரிசையில் நின்று பெர்மிற் எடுக்கிற எங்கள் ஆட்கள், இங்கே ஒரு அழைப்பில் தறிப்பிக்கிறார்கள். மாமாவின் புளி இன்னும் நிற்கிறது. அவர் மனம் மாறவில்லை. தறிக்கிற கூலியைக் கேட்டுத்தான் ஒத்திவைத்திருக்கிறார்.

புலம்பெயர்ந்தவர்களை மட்டும் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. போர் எங்கள் பனைகளைத் தின்றது. ஷெல்லில் தலை போனவை, பங்கருக்குக் குற்றியாகப் போனவை என்று அது பெரிய கணக்கு. ஆனால் 2009க்குப் பிறகு போன மரங்களுக்கு ஆமிக்காரன் மேல் மட்டும் பழி போட ஏலாது. வீதி அகலிப்பில் போனது கொஞ்சம். "அபிவிருத்தி" என்று கைதட்டிவிட்டு, இப்போது வைகாசி வெயிலில் அந்த வீதிகளில் ஹெல்மெற்றுக்குள் வேகிறோம். கோயில் திருப்பணியில் போனது இன்னும் கொஞ்சம். முன்பெல்லாம் ஒரு வேம்படியில் சூலத்தை நட்டு வைரவர் என்று சொன்னால் போதும், அந்த மரத்தில் எவனும் கத்தி வைக்கமாட்டான். எங்களுடைய பழைய பாதுகாப்புச் சட்டம் அதுதான். இன்றைக்கு அந்த வைரவருக்கே மண்டபம் கட்ட அந்த வேம்பைத் தறிக்கிறோம். பிறகு வெளிவீதி முழுக்க இன்ரர்லொக் கல் பதித்து, சுடுகிறதென்று தகரக் கொட்டகை போடுகிறோம். இதை எழுதினால் பரிபாலன சபைக்காரர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

தறிக்காமலே கொல்கிற வழிகளும் உண்டு. நஞ்சு வைத்துப் பட்டுப்போகச் செய்கிறவர்களை விடுங்கள், அது தெரிந்தே செய்வது. தெரியாமல் செய்வதுதான் அதிகம். இந்தக் குடாநாட்டில் மண் ஒரு போர்வைதான், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். பல இடங்களில் வேருக்கு ஆழம் போக வழியில்லை, பக்கவாட்டில் கொப்பு விரிந்த அளவுக்கும் மேலாக ஓடும். நாங்கள் அடிமரத்தை ஒட்டிச் சீமெந்துக் கட்டு கட்டுகிறோம், சுற்றிக் கொங்கிறீற் போடுகிறோம், வடிகாலுக்காக ஒரு பக்க வேரை முழுவதும் வெட்டுகிறோம். குப்பையையும் அந்த அடியிலேயே கொளுத்துகிறோம். மரம் உடனே சாகாது. சில வருஷம் கழித்து ஒரு மாரியில், புரவி மாதிரி ஏதாவது புயல் வரும்போது சரியும். "பழசுபட்ட மரம்தானே" என்று சொல்லி விறகுக்குப் பங்கு போடுவோம்.

கொப்பு வெட்டும் முறை அதைவிட மோசம். மின்கம்பிக்கு இடைஞ்சல் என்றால் வெட்டத்தான் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் ஒரு பக்கத்தை மொத்தமாக வழித்துவிட்டுப் போனால் பாரம் மற்றப் பக்கம் சாயும். தலையை மொட்டையடித்தால் அந்த இடத்தில் கொத்தாகப் புதுக்கொப்பு வெடிக்கும். அவை மேல்தோலை ஒட்டியே வளர்ந்தவை, பருத்த பிறகு காற்றுக்கு முதலில் முறிவதும் அவைதான். கொப்பு அடிமரத்தோடு சேருகிற இடத்தில் ஒரு வீக்கம் இருக்கும். அந்த வீக்கத்தை விட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். மரத்துக்கு எங்களைப் போலக் காயம் ஆறாது, வெட்டுப்பட்ட இடத்தை உள்ளே அடைத்துவிட்டுச் சுற்றிவர வளரும். அந்த வீக்கம் இருந்தால் அடைப்பு விரைவில் முடியும். ஒட்ட வெட்டிவிட்டுத் தாரோ சாணியோ பூசுவதால் பிரயோசனம் இல்லை. இது தெரிந்த ஆட்கள் ஒவ்வொரு சபையிலும் இரண்டு பேராவது இருக்க வேண்டும்.

வளவுக்காரரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. "பதிவேட்டில போட்டா என்ர காணியை நான் விற்கேலாமல் போகும்", "நாளைக்கு ஓட்டுக்கு மேல விழுந்தா ஆர் பொறுப்பு?" இரண்டும் சரியான கேள்விகள். என் விடை: முதல் கட்டத்தில் வளவுக்காரர் சம்மதித்தால் மட்டும் பதிவு. பதிந்த மரத்துக்கு ஆண்டுக்கொரு முறை சபை ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும், பட்ட கொப்பைச் சபைச் செலவில் எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் 2001இலிருந்து மரபுரிமை மரங்களுக்கு ஒரு திட்டம் நடக்கிறது. மரத்தை யாரும் பரிந்துரைக்கலாம். பதிந்த மரங்களுக்கு இடிதாங்கிகூடப் பூட்டுகிறார்கள். எங்கள் பாட்டன்மார் ரயில்வேக்கும் கிளாக்கர் வேலைக்கும் போன நாடு. அங்கே சுற்றளவு 5 மீற்றருக்கு மேல் என்பது ஒரு அளவுகோல். அதை இங்கே அப்படியே கொண்டுவந்தால் ஒரு வேம்பாவது தேறுமோ தெரியாது. வேம்புக்கு ஒரு அளவு, ஆலுக்கு ஒரு அளவு என்று நாங்கள்தான் வைக்க வேண்டும். உள்ளே கோறையாகி உண்மையாகவே ஆபத்தான மரம் என்றால், பதிவில் இருந்தாலும் தறிக்கத்தான் வேண்டும். ஆனால் காரணத்தை எழுதி ஒட்டிவிட்டு, ஊருக்குத் தவணை கொடுத்துத் தறிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை விடிய முன்னம் மெசின் வாள் சத்தம் கேட்கக்கூடாது.

மரம் நிழலுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் வலிகாமம் வடக்குச் சனத்திடம் போய்க் கேளுங்கள். 1990இல் வெளிக்கிட்டு, உயர்பாதுகாப்பு வலயமாகக் கிடந்த காணிக்குப் பல வருஷம் கழித்துத் திரும்பியவர்கள். வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை இருந்த அடையாளமும் இல்லை. கிணற்றையும் நின்ற மரத்தையும் வைத்துத்தான் பலர் தங்கள் எல்லையைப் பிடித்தார்கள். காணி உறுதிப் பத்திரம் கையில் இருந்தும், "இதுதான் எங்கட காணி" என்று காட்ட ஒரு மாமரம் தேவைப்பட்டது.

சபை தொடங்கும்வரை நாங்கள் சும்மா இருக்கத் தேவையில்லை. உங்களுக்குத் தெரிந்த மரத்தின் படத்தைக் கீழே போடுங்கள். நெஞ்சளவு உயரத்தில், ஏறத்தாழ 1.3 மீற்றரில், தையல் நாடாவோ கயிறோ சுற்றி அளந்து எழுதுங்கள். அந்த இடத்தில் முண்டு இருந்தால் அதற்குச் சற்றுக் கீழே அளவுங்கள். ஆலென்றால் விழுதுகளைச் சேர்க்காமல் அடிமரத்தை மட்டும் அளக்கப் பாருங்கள், ஏலாவிட்டால் "விழுதோடு" என்று குறிப்பிடுங்கள். தனியார் வளவென்றால் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். வீட்டு இலக்கமும் ஆட்களின் பெயரும் வேண்டாம், கிட்டவுள்ள சந்தியின் பெயர் போதும். தை பிறக்க எல்லாவற்றையும் ஒரு கோப்பாக்கி மாநகரசபையிலும் நல்லூர்ப் பிரதேச சபையிலும் கையளிக்க நினைத்திருக்கிறேன். கூட வரக்கூடியவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், மற்றப் பிரதேச சபைகளுக்குப் போக எனக்கு ஆள் வேண்டும்.