கிளட்சுக்கு மட்டும் ஏன் பழி?

காரில் இரண்டாம் கியர் கரகரத்தால் கிளட்சை மாற்றுங்கள் என்று ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. பர்ஸைத் திறக்க இவ்வளவு அவசரமா? ஹோண்டா எஸ்2000 போல இஞ்சின் நிமிடத்துக்கு 9000 சுற்று வரை சீறும் காரில், வேகமாக மாற்றும்போது மட்டும் கரகரத்து, நிதானமாகப் போட்டால் சத்தமின்றி விழுந்தால், தேய்ந்தது பெரும்பாலும் கியர் விழும்முன் சுழலும் வேகங்களைச் சமன்செய்யும் சிங்க்ரோ வளையம்தான். கியர்பாக்ஸ் ஆயிலை வடித்துப் பாருங்கள். பொன்னிறப் பித்தளைத் துகள்கள் மின்னினால் சந்தேகம் வலுக்கும். நின்ற நிலையில் ரிவர்ஸும் அலறினால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கிளட்சை இயக்கும் திரவம் ஓடும் ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்திருந்தாலே இப்படி ஆகும். கிளட்ச் டிஸ்க் தேய்ந்ததன் அடையாளமே வேறு. உயர் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால், இஞ்சின் சுற்று மட்டும் எகிறும். கார் அதே வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்.