ஹார்மண்ட்ஸ்வொர்த் என்றால் முகாம் மட்டும்தானா?

லண்டன் தமிழர்களிடம் ஹார்மண்ட்ஸ்வொர்த் என்று சொல்லிப் பாருங்கள், "ஐயோ, ஆரைப் பிடிச்சிட்டாங்கள்?" என்றுதான் கேட்பார்கள். ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில், நாடு கடத்துவதற்காக ஆட்களைப் பிடித்து வைக்கும் அந்தத் தடுப்பு முகாம் எங்கள் ஆட்களுக்கு அவ்வளவு பழக்கம். நானும் ஒரு நண்பனைப் பார்க்க அங்கே போனவன்தான். ஆனால் அந்தப் பெயர் அதற்கு முன்பே எனக்குத் தெரியும். பழைய பென்குயின் புத்தகங்களைப் பிரித்தால் முன்பக்கத்தில் 'ஹார்மண்ட்ஸ்வொர்த், மிடில்செக்ஸ்' என்று முகவரி இருக்குமே, அதுதான். 1937இல் அந்தக் கம்பெனி இங்கே ஒரு கோவா (முட்டைக்கோஸ்) தோட்டத்தை வாங்கிக் குடியேறியது. தோட்டத்தில் நின்ற கோவாவுக்கும் தனியாகக் காசு கொடுத்ததாகக் கதை.

அன்று நண்பனைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நிற்க மனமில்லாமல் நடந்தபோதுதான் ஊரைக் கண்டேன். சின்னச் சதுக்கம், ஃபைவ் பெல்ஸ், கிரவுன் என்று இரண்டு பப், செங்கல் கோபுரத்தோடு புனித மரியாள் தேவாலயம், அதை ஒட்டி ஒரு களஞ்சியம். 1426இல் வின்செஸ்டர் கல்லூரி தன் காணியின் விளைச்சலை வைக்கக் கட்டியது. 58 மீற்றர் நீளம், 12 மீற்றர் அகலம், உள்ளே முழுக்க ஓக் மரத் தூண்கள், அந்தப் பழைய மரத்தில் பெரும்பகுதி இன்றும் அப்படியே நிற்கிறது. ஒரு கல்யாண மண்டபத்தை இன்னொன்றோடு சேர்த்து நீட்டிப் போட்டதுபோல இருக்கும்.

இதை 2006இல் ஒரு கம்பெனி ஒரே ஒரு பவுணுக்கு வாங்கிப் பராமரிக்காமல் போட்டது. 2011இல் பழைய கட்டடங்களைக் காக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு 20,000 பவுணுக்கு வாங்கியது. சரி, இப்போது அதைத் திறந்து காட்டுவது யார்? ஊர்த் தொண்டர்கள். கோடையில் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு வந்து கதவைத் திறந்துவைத்து, வருகிறவர்களுக்குக் கதை சொல்கிறார்கள், காசு வாங்குவதில்லை.

இந்த ஊருக்குத் தெற்கே ஹீத் ரோ என்று ஒரு குக்கிராமம் இருந்தது. நல்ல மண், அதில் விளைந்த மரக்கறியும் பழமும் கொவென்ட் கார்டன் சந்தைக்குப் போகும். 1944இல் போருக்கு விமானத்தளம் வேண்டும் என்று அவசரகால அதிகாரத்தில் காணியை எடுத்து வீடுகளை இடித்தார்கள். அன்று விமானத்துறைத் துணை அமைச்சராக இருந்த ஹரால்ட் பால்ஃபோர், போர் ஒரு சாட்டுத்தான், பயணிகள் விமான நிலையத்தைத்தான் முதலிலிருந்தே மனதில் வைத்திருந்தோம் என்று பின்னாளில் தானே எழுதினார். யாழ்ப்பாணத்தில் பலாலி விமானத்தளத்துக்காகக் காணி போன குடும்பத்தில் பிறந்தவனுக்கு இதை வாசிக்க எப்படி இருக்கும்!

இப்போது ஹீத்ரோவுக்கு மூன்றாவது ஓடுபாதை, அது வந்தால் ஹார்மண்ட்ஸ்வொர்த்தின் பெரும்பகுதி போய்விடும். 2018இல் நாடாளுமன்றம் 415க்கு 119 என்று ஆதரித்தது. 2020இல் ஒரு நீதிமன்றம் தடுத்தது, அதே வருடம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அப்புறம் கொரோனாவில் எல்லாம் படுத்தது, 2025 ஜனவரியில் அரசாங்கம் மறுபடி கிளப்பியது. எத்தனை வருடம் இப்படி! வீட்டுக் கூரையை மாற்றலாமா, பிள்ளையை இங்கே பள்ளியில் சேர்க்கலாமா என்று தெரியாமல் ஒரு ஊர் எப்படி இருக்கும்? பக்கத்து ஊர் சிப்சனில் விமான நிலையமே வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டது. வருகிறவர்கள் வருவார்கள், போவார்கள், ஊர் மெல்லக் கரையும். புல்டோசர் வரும்வரை காத்திருக்கவே தேவையில்லை.

களஞ்சியமும் தேவாலயமும் விமான நிலைய எல்லைக்கு வெளியே தப்பிவிடும் என்று ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் எரிச்சல். ஊரின் பெரும்பகுதி வீடுகளை இடித்துவிட்டு, ஓடுபாதை வேலியோரம் அந்தக் கட்டடத்தை மட்டும் விட்டுவைத்தால், ஞாயிற்றுக்கிழமை சாவியோடு யார் வருவார்கள்? தேவாலயக் கூட்டத்தில் யார் உட்காருவார்கள்?

நானும் ஹீத்ரோவில் வந்து இறங்கியவன்தான், அம்மாவைக் கூட்டிவர இன்றும் அங்கேதான் போகிறேன். அதனால் விமான நிலையமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1944இல் ஒரு ஊரை எடுத்தீர்கள், இதையும் எடுக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

முகாமுக்கு யாரையாவது பார்க்கப் போனால் ஊருக்குள்ளும் ஒரு நடை போய்வாருங்கள். கடையில் வாங்குகிறோமே காக்ஸ் அப்பிள், அதை முதலில் வளர்த்த ரிச்சர்ட் காக்ஸ் அந்தத் தேவாலய வளவில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்.