ஐந்து சதவீதம் வளர்ந்தது சரி, எங்கிருந்து?

2024இல் இலங்கைப் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது, 2025இன் முதல் மூன்று காலாண்டுகளில் 4.8, 4.9, 5.4. இந்த எண்களைப் போட்டு "நாடு மீண்டுவிட்டது" என்று ஒரு கூட்டம் பதிவு எழுதுகிறது. கீழே வந்து "சந்தைக்குப் போய்ப் பார்" என்று இன்னொரு கூட்டம் சண்டை பிடிக்கிறது. எண்கள் சரியானவைதான். ஆனால் எங்கிருந்து வளர்ந்தது என்று கேட்காமல் அவற்றை வைத்து எதையும் சொல்ல முடியாது.

கல்குலேட்டரை எடுங்கள். 2018இன் மொத்த உள்நாட்டு உற்பத்தியை 100 என்று வையுங்கள். 2019இல் 0.2 சதவீதம் குறைந்தது, 2020இல் 4.6 குறைந்தது, 2021இல் 4.2 கூடியது. ஆக 2021 முடிவில் 99. பிறகு 2022இல் 7.3, 2023இல் 2.3 என்று அடுத்தடுத்து இரண்டு சரிவு. வந்து நின்ற இடம் 90. அதிலிருந்து 2024இல் 5 சதவீதம் ஏறினால் 94. 2025ஐயும் 5 என்றே வைத்தாலும் 99தான். அதாவது ஏழு வருடம் கழித்தும் 2018இன் வாசலைத் தாண்டவில்லை. விழுந்ததெல்லாம் இல்லாமல் வருடம் வெறும் 3 சதவீதம் வளர்ந்திருந்தால்கூட இந்நேரம் 123இல் நின்றிருப்போம்.

அந்த 123க்கும் 99க்கும் இடையிலுள்ள பள்ளம்தான் உண்மையான விவாதம். இனி ஒரு வருடம்கூடத் தவறாமல் 5 சதவீதம் வளர்ந்தால், அந்த 3 சதவீதப் பாதையைப் பிடிக்க 2037 ஆகும். சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கு எதிர்பார்க்கும் நடுத்தரகால வளர்ச்சியோ 3 சதவீதத்தை ஒட்டியது. அந்த வேகத்தில் போனால் பள்ளம் ஒருநாளும் மூடாது, அப்படியே கூடவே வரும்.

"முதல் இரண்டு வருடம் 5 வந்ததே, பிறகு ஏன் 3?" என்று கேட்பீர்கள். 2022இல் தொழிற்சாலை இருந்தது, டீசல் இல்லை. வயல் இருந்தது, உரம் இல்லை. ஒரு நாளில் 13 மணிநேரம்வரை மின்வெட்டு. எரிபொருளைப் பங்கிட்ட கியூஆர் முறையில் முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீட்டர் என்றுதான் ஆரம்பித்தார்கள். இவற்றை இறக்குமதி செய்ய டொலர் இல்லாததுதான் காரணம். டொலர் வந்ததும், நின்று கிடந்தவை ஓடத் தொடங்கின. புதிதாக ஒன்றும் கட்டாமலே அந்த ஏற்றம் கிடைத்துவிடும். அதற்கு மேலே ஏற புதிய இயந்திரம், புதிய முதலீடு, வேலை தெரிந்த ஆள் வேண்டும். ஆள் எங்கே? 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள், 2024இலும் அதே அளவு. அவர்கள் அனுப்பும் காசு 2025இல் சுமார் 8 பில்லியன் டொலர், நாட்டின் டொலர் கையிருப்பைத் தாங்குவதே அதுதான். இங்கே மேசனுக்கும் தாதிக்கும் தட்டுப்பாடு வருவதும் அதே காரணத்தால்தான்.

இனி சந்தைக்குப் போவோம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. இரண்டு வருடத்தில் அது பூச்சியத்துக்குக் கீழே போனது. பலர் இதை விலை பழையபடி இறங்கியதாக எடுத்துக்கொள்கிறார்கள். விலை ஏறும் வேகம்தான் நின்றது, ஏறிய விலை மேலேயே நிற்கிறது. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்களுக்கு 2025 செப்டெம்பரில் ஏறக்குறைய 174 ரூபா. குறைந்தபட்சச் சம்பளத்தைப் பக்கத்தில் வையுங்கள்: 2021இல் 12,500, நிவாரணப்படி 3,500, மொத்தம் 16,000 ரூபா. அது 2024இல்தான் 21,000 ஆனது, 31 சதவீத உயர்வு. 2025 ஏப்ரலில் 27,000 வந்தபோதும் விலையைத் தொடவில்லை. 2026 ஜனவரியின் 30,000தான் கணக்கில் விலையைத் தாண்டியது. இடையில் போன மூன்று நான்கு வருடத்தில் அடகுக்குப் போன நகையும் வட்டிக்கு வாங்கிய கடனும் சம்பளம் கூடியதால் திரும்பி வராது. உலக வங்கிக் கணக்கில் 2019இல் 11 சதவீதமளவில் இருந்த வறுமை 2024இலும் 24க்கு மேலே நின்றதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்தச் சுமையைப் பங்கிட்ட விதத்திலும் எனக்கு உடன்பாடில்லை. 2023 உள்நாட்டுக் கடன் சீரமைப்பில் ஊழியர் சேமலாப நிதியிடமிருந்த முறிகளை (அரசு வாங்கிய நீண்டகாலக் கடன் பத்திரங்களை) 2025 வரை 12, பிறகு 9 சதவீத வட்டிக்கு மாற்றினார்கள். அந்த வருட ஆரம்பத்தில் அரசின் குறுங்காலக் கடன் பத்திரங்களான திறைசேரி உண்டியல்கள் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்துக்கொண்டிருந்தன. வங்கிகளிடமிருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. வங்கி கவிழ்ந்தால் எல்லாம் போகும் என்பது நியாயமான பயம்தான். அதற்கு விலை கொடுத்தது தொழிலாளியின் ஓய்வுகாலச் சேமிப்பு.

மீட்சி கெட்டுப்போகும் வழிகளும் நமக்குத் தெரியாதவை அல்ல. 2019 டிசம்பரில் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8க்கு இறக்கினார்கள். வருமானம் விழுந்தது, கடன் தரப்படுத்தல் விழுந்தது, வெளிச்சந்தையில் கடன் வாங்கும் கதவு மூடியது. டொலரை 203 ரூபாவில் பிடித்து வைத்துக் கையிருப்பைக் கரைத்தார்கள். 2022 மார்ச்சில் விட்டபோது இரண்டு மாதத்தில் 360 ஆனது. இன்று வற் 18 சதவீதம். அதைக் குறைக்கச் சொல்லும் குரல் ஒவ்வொரு நல்ல காலாண்டுக்குப் பிறகும் கேட்கும். மின்கட்டணத்தில் இந்த நாடகம் சின்னதாக ஏற்கெனவே நடந்தது: 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைத்தார்கள், செலவு கட்டவில்லை, ஜூனில் 15 சதவீதம் கூட்டினார்கள்.

மறுபக்கம், வட்டிச் செலவைச் சேர்க்காமல் பார்த்தால் அரசின் வருமானம் செலவைவிட மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம் கூடுதலாக இருக்கவேண்டும் என்ற இலக்கை எட்ட, பாதைக்கும் பாலத்துக்கும் ஒதுக்கிய மூலதனச் செலவையே செய்யாமல் மிச்சம் பிடிப்பதை நிதி ஒழுக்கம் என்று கொண்டாட முடியாது. 2025 நவம்பரில் டித்வா புயல் ஏற்படுத்திய சேதத்தை உலக வங்கி 4.1 பில்லியன் டொலர் என மதிப்பிட்டது. இடிந்ததைத் திரும்பக் கட்டியெழுப்பும் செலவால் வளர்ச்சி எண் கூடும், அடுத்த வருடம் அதையும் யாராவது மீட்சி என்று பகிர்வார்கள்.

ஆகவே காலாண்டு வளர்ச்சியை விட்டுவிட்டு இறக்குமதிப் பட்டியலைப் பாருங்கள். வாகனம் ஏறி, இயந்திரமும் மூலப்பொருளும் ஏறாமல் இருந்தால் அது செலவு, முதலீடு அல்ல. கையிருப்பைச் சொல்லும்போது சீனாவின் மத்திய வங்கியான சீன மக்கள் வங்கியோடு செய்த, சுமார் 1.4 பில்லியன் டொலர் பெறுமதியான நாணயப் பரிமாற்றத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். நாணய நிதியத் திட்டம் 2027இல் முடிகிறது, வெளிநாட்டுக் கடனின் பெரிய தவணைகள் 2028இல் ஆரம்பிக்கின்றன. அந்த இரண்டுக்கும் நடுவில் வரும் வரவுசெலவுத் திட்டத்தில் வரியை யார் தொடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, மீண்டோமா இல்லையா என்ற சண்டையை வைத்துக்கொள்ளலாம்.