ஆழ்கடல் படகுக் கடன்: மானியத்தில் பாஸ், வங்கியில் ஃபெயில்

ஆழ்கடல் படகுக்கு அரசு மானியம் என்று அறிவிப்பு வந்ததும் நம் கடற்கரையில் எல்லோரும் ஓடுவது மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு. என்னைக் கேட்டால் முதலில் போக வேண்டியது வங்கிக்கு. மானியத்துக்குத் தகுதி வேறு, கடனுக்குத் தகுதி வேறு. பயனாளிப் பட்டியலில் பெயர் வந்துவிட்டாலே வங்கி பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி எந்த விதியும் இல்லை.

2017-ல் வந்த பாக் ஜலசந்தித் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடியை விட்டுவிட்டு, நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலுக்கும் மீன் செவுளில் சிக்கும் செவுள் வலைக்கும் மாறுகிறவருக்கு 80 லட்ச ரூபாய் படகு. மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் பங்கு 10. ரூபாயில் 40 லட்சம், 16 லட்சம், 16 லட்சம், 8 லட்சம். ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகளை மாற்றுவதாக இலக்கு. முதல் கட்டமான 500-க்கே ததிங்கிணத்தோம் போட்டது. 70 சதவீதம் இனாமாக வரும் திட்டம் ஏன் இப்படி நொண்டியது? மீனவருக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். படகு 80 லட்சத்துக்குள் முடியவில்லை, மேலே ஆன செலவு மீனவர் தலையில் விழுந்தது, மீதி 16 லட்சத்துக்கு வங்கி சொத்து ஈடு கேட்டது என்பதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

2020-ல் வந்த பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆழ்கடல் படகின் விலை 1.20 கோடி என்று வைக்கப்பட்டது. பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம். பொதுப் பிரிவுக்காரர் கணக்கைப் பாருங்கள். மானியம் 48 லட்சம் போக 72 லட்சம் நிற்கிறது. கையிலிருந்து 12 லட்சம் போட்டாலும் 60 லட்சம் கடன். 10 சதவீத வட்டி, 7 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 1 லட்சம். பழைய திட்டத்தின் 16 லட்சத்துக்கு இதே கணக்கில் தவணை 26,500 ரூபாய்தான். அதற்கே தயங்கிய வங்கி இதற்கு என்ன சொல்லும்?

வங்கி பார்ப்பது மூன்று: திருப்பிக் கட்டும் வருமானம் இருக்கிறதா, அதற்குக் காகிதம் இருக்கிறதா, கட்டாமல் போனால் எதைப் பிடிப்பது.

முதல் இரண்டும் நம் ஆட்களுக்குச் சேர்ந்தே இடிக்கும். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கூட்டிக் கழித்தால் ஆண்டுக்கு 130 நாள் தேறுவதே அதிகம். புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். அந்த 130 நாளில் பிடித்த இறாலும் நண்டும் கம்பெனி ஏஜென்ட்டிடம் போகிறது. அவர் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருப்பார். விலையில் கொஞ்சம் குறைத்து, முன்பணத்தில் கொஞ்சம் கழித்து, மீதியை ரொக்கமாகத் தருவார். கையெழுத்து, கணக்கு எல்லாம் அவர் நோட்டில். ஆண்டுக்கு நாற்பது லட்சத்துக்கு மீன் போடுகிறவரின் பாஸ்புக்கில் தடைக்கால நிவாரணத் தொகை மட்டும் வரவு இருந்தால் மேலாளர் எதை நம்பி எழுதுவார்?

ஆகவே கடன் கேட்கப்போவதற்குக் குறைந்தது ஓராண்டு முன்பே மீன் விற்ற பணத்தை வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள். முழுசாக முடியாவிட்டால் பாதியாவது. ஏஜென்ட்டிடம் எடை, விலை, தேதி போட்ட சீட்டு வாங்குங்கள். கடலுக்குப் போகும்போது மீன்வளத்துறை கொடுக்கும் டோக்கனைக் கிழித்துப் போடாமல் சேர்த்து வையுங்கள். எத்தனை நாள் தொழிலுக்குப் போனோம் என்பதற்கு அரசுத் துறை கொடுக்கும் அத்தாட்சி அது ஒன்றுதான். டீசல் பில்லும் அப்படியே. டோக்கன் தேதி, டீசல் பில், விற்ற சீட்டு, வங்கி வரவு நான்கும் ஒத்துப்போனால் மேலாளர் மறுத்துப் பேச இடமில்லை. முன்பணத்தை மறைக்காதீர்கள். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது வராது என்பது சரிதான், ஆனால் கள ஆய்வுக்கு வருகிறவர் துறைமுகத்தில் டீ குடிக்கும் நேரத்தில் தெரிந்துகொண்டு போய்விடுவார். நகைக்கடன், சுயஉதவிக் குழுக் கடன், மீனவர் கிசான் கிரெடிட் கார்டு பாக்கி எல்லாம் சிபிலில் நிற்கும். விண்ணப்பத்துக்கு முன்பே அவற்றை நேர் செய்யுங்கள்.

பழைய படகின் பதிவுச் சான்றும் பெரிய தலைவலி. இறந்துபோன அப்பா பெயரில் படகு, ஓட்டுவது மகன். இரண்டு மச்சான்கள் சேர்ந்து வாங்கிய படகு, பதிவு ஒருவர் பெயரில். பழைய இழுவைமடிப் படகு இனி அந்தக் கடலில் ஓடாது என்பதுதான் பாக் ஜலசந்தித் திட்டத்தின் உயிர்நாடி என்பதால் பெயர் ஒத்துப்போகாவிட்டால் கோப்பு அங்கேயே உட்கார்ந்துவிடும். வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், பெயர் மாற்றம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். பெயரின் தலைப்பெழுத்து ஆதாரில் ஒன்று, பதிவில் ஒன்று என்று இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள்.

மூன்றாவது, ஈடு. கடற்கரை ஊர்களில் பாதிப் பேர் வீடு புறம்போக்கில் நிற்கிறது, பட்டா கிடையாது. கோடி ரூபாய் படகே ஈடாக இருக்கும்போது வீட்டுப் பட்டா எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் படகு கடலில் நகரும் பொருள். மூழ்கும், மதிப்பும் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். எல்லை தாண்டிப் பிடிபட்டால் படகு அக்கரையில், கடன் இக்கரையில். வங்கியின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயத்தைத் தாங்க வேண்டியது அரசு. மீன்வள உள்கட்டமைப்பு மேம்பாட்டு நிதி 2018-19-ல் தொடங்கி 2026 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. ஆழ்கடல் படகும் அதில் அடக்கம். 3 சதவீத வட்டிச் சலுகை, 12 ஆண்டு தவணை, அதில் முதல் 2 ஆண்டு அசலுக்கு விடுமுறை, கடன் உத்தரவாத வசதியும் உண்டு. அதே 60 லட்சம் 7 சதவீதத்தில் 10 ஆண்டு என்றால் தவணை 70 ஆயிரத்துக்குள் அடங்கும். இதைக் கிளை மேலாளர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று நீங்கள் எழுத்தில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து கட்டும் தளத்தின் விலைப்புள்ளி. பெரும்பாலானவர்கள் மொத்தத் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். ஹல் (படகின் உடல்), இன்ஜின், கியர்பாக்ஸ், மீன் அறைக்குக் குளிர் காக்கும் பஃப் இன்சுலேஷன், தூண்டில் கயிறு இழுக்கும் லைன் ஹாலர், வி.எச்.எஃப். ரேடியோ, ஜி.பி.எஸ்., படகு இருக்கும் இடத்தை மற்றவர்களுக்குக் காட்டும் ஏ.ஐ.எஸ்., ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், லைஃப் ஜாக்கெட் ஒவ்வொன்றும் தனி வரியாக, எந்தத் தயாரிப்பு, என்ன மாடல் என்று இருக்க வேண்டும். தூண்டில் கயிறும் கொக்கியும் வலையும் சேர்த்தியா என்று கேளுங்கள். சேராத இடங்களில்தான் கடைசி நேரத்தில் பல லட்சம் துண்டு விழுகிறது. முதல் பயணத்து டீசல், ஐஸ், இரை, ரேஷன், இன்சூரன்ஸ் பிரீமியம் எதுவும் விலைப்புள்ளியில் வராது. அவற்றுக்கு நடைமுறை மூலதனம் என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால், கம்பெனி ஏஜென்ட்டிடமிருந்து தப்பிக்கக் கட்டிய படகு அவர் முன்பணத்தில்தான் முதல் முறை கடலுக்குப் போகும்.

வங்கி பணத்தைக் கட்டம் கட்டமாக விடும். முதல் கட்டம் விட்ட நாளிலிருந்தே வட்டி ஓடும். கட்டும் தளம் எட்டு மாதம் தாமதித்தால் மீனே பிடிக்காமல் எட்டு மாத வட்டி. அதனால் தளத்தோடு போடும் ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு அபராதம், வங்கியின் அனுமதிக் கடிதத்தில் தவணை விடுமுறை படகைக் கையில் ஒப்படைத்த நாளிலிருந்து தொடங்கும் என்ற வரி, இரண்டும் கட்டாயம். மானியத் தொகையும் வேலையை ஆய்வு செய்த பிறகுதான் வரும், நம் அவசரத்துக்கு வராது.

வருமானத் திட்டம் எழுதும்போது இறால் கணக்கைக் காட்டாதீர்கள், அது வேறு தொழில். ஆழ்கடல் சூரை (டூனா) மீனுக்கு நாள் கணக்கு கிடையாது, பயணக் கணக்குதான். ஒரு பயணத்துக்கு இத்தனை லிட்டர் டீசல், இத்தனை டன் ஐஸ், இரை, ஆட்கள் பங்கு என்று செலவை எழுதி, விற்பனையில் மோசமான பயணம் ஒன்றும் சேர்த்துக் காட்டுங்கள். எல்லாப் பயணமும் லாபம் என்று எழுதினால் எந்த மேலாளரும் சிரிப்பார். மத்திய அரசின் மீன்பிடிப் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட்டின் பயிற்சிச் சான்று இருந்தால் இணையுங்கள். இழுவைமடியில் பழகிய கைக்கு, பிடித்த சூரையை உடனே ரத்தம் வடித்து, குடல் எடுத்து, ஐஸில் இறக்கும் பழக்கம் தானாக வராது. அங்கே ஒரு மணி நேரம் அசந்தால் ஏற்றுமதித் தரத்து மீன் கருவாட்டு விலைக்கு வந்துவிடும்.

கடைசியாகத் தவணை அட்டவணை. 12 மாதமும் சமத் தவணை போட்டுக் கொடுப்பார்கள், கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தடைக்காலம் இரண்டு மாதத்தைக் கழித்து 10 தவணையாக மாற்றச் சொல்லுங்கள். 1 லட்சம் 1.20 லட்சமாக ஏறும், பரவாயில்லை. மே மாதத் தவணைக்காக வட்டிக்கு வாங்குவதைவிட அது மலிவு. மேலாளர் மறுத்தால் மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள். விவசாயிக்கு அறுவடையைப் பார்த்துத் தவணை வைக்கத் தெரிந்த வங்கிக்கு இது புதிதல்ல.